படகு 3,500 பவுண்டு, உள்வேலை 5,000 பவுண்டு: ஒழுகலை விட்டுட்டு மரத்தை மாத்தாதீங்க



போன வார வீடியோல, பழசை வாங்கிச் சரிபண்ணினா லாபமான்னு பேசும்போது, என் நண்பனோட படகுக் கதையை ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். வீடியோல அதுக்கு மேல இடம் இல்ல. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல விஷயமே வரல, வெறும் சிரிப்புதான் வந்துச்சு. அதனால இங்க முழுசா எழுதுறேன். அவன்கிட்ட கேட்டுட்டேன். "எல்லா நம்பரையும் போடு, பேரு மட்டும் போடாதடா, மாமனார் உன் பிளாக் படிக்கிறாரு"ன்னான்.

நீங்க படகு வாங்கப் போறதில்லைன்னு எனக்குத் தெரியும். நானும்தான். இருந்தாலும் படிங்க. சம்பளம் வாங்குற ஒருத்தன், படிச்சவன், எக்செல்ல கணக்குப் போட்டுட்டு இறங்கினவன், எந்த வரிசையில தப்புப் பண்ணினான்கிறதுதான் இதுல விஷயம்.

அவன் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல சாஃப்ட்வேர் வேலைல இருக்கான். ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு வாடகை மட்டும் மாசம் 950 பவுண்டு. பக்கத்துல ஹாம்பிள்னு ஒரு ஆறு கடல்ல கலக்குது, அது நெடுக படகுகள்தான். அங்க ஒரு யார்டுல 1970கள்ல கட்டின 26 அடி பாய்மரப் படகு 3,500 பவுண்டுக்கு வந்துச்சு. இவன் போட்ட கணக்கு இதுதான்: ஆறு மாசம் வார இறுதில உள்ளே மர வேலையை மட்டும் புதுசு பண்ணிட்டு, அதுலயே ரெண்டு வருஷம் தங்குவேன், மிச்சமாகுற வாடகை வீட்டுக்கு டெபாசிட். பேப்பர்ல பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு போன் பண்ணி, "மச்சி, கார் விலையில வீடு"ன்னான். (பல மரினாக்கள்ல நிரந்தரமா தங்கவே விடமாட்டாங்க, அது அவனுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அது தனிக் கதை.)

அந்த விலைக்கு ஏன் கிடைக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும்.

பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் 1960கள்ல இருந்து 80கள் வரைக்கும் ஃபைபர்கிளாஸ் படகுகளை ஆயிரக்கணக்குல வார்த்துத் தள்ளினாங்க. வெஸ்டர்லி சென்டார்னு ஒரு 26 அடி மாடல், 1969ல வந்தது, அது ஒண்ணு மட்டுமே 2,400க்கு மேல கட்டினாங்க. ஃபைபர்கிளாஸ் உடம்பு லேசுல அழியாது. ஐம்பது வருஷம் ஆகியும் மிதக்குது. ஆனா உள்ளே இருக்கிறதெல்லாம் மரம். தேக்கு இல்லன்னா மஹாகனி வெனீர் ஒட்டின பிளைவுட்ல தடுப்புச் சுவர், அலமாரி, படுக்கைக்குக் கீழ பெட்டி, சமையல் மேடை, தரைப் பலகை. உடம்புக்கு வயசாகல, உள்ளுக்கு ஆயிடுச்சு. அதனாலதான் மார்க்கெட்ல இப்படி ஆயிரக்கணக்கான படகுகள், பார்க்க முழுசா, திறந்தா பூஞ்சை வாடையோட, சும்மா கொடுக்கிற விலையில கிடக்குது.

உள்ளே போனதும் கண்ணுல படுறது என்ன? கறுத்துப்போன வெனீர். உரிஞ்ச வார்னிஷ். கூரையில ஒட்டின துணி தொப்பை மாதிரி தொங்குது. ஈர மெத்தை. பார்க்கிற யாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: இதையெல்லாம் பிச்சு எறிஞ்சுட்டுப் புதுசா போடணும்.

இவனுக்கும் வந்துச்சு. வாங்குறதுக்கு முன்னாடி சர்வேயரை வச்சுப் பார்க்கலாம், ஐநூறு பவுண்டு ஆகும்னாங்க. "மரம் இத்துப்போயிருக்குன்னு எனக்கே தெரியுது, அதைச் சொல்ல ஒரு ஆளுக்கு ஐநூறா"ன்னு விட்டுட்டான். வாங்கின முதல் வாரக் கடைசியிலயே கடப்பாரையும் ரம்பமும் எடுத்துட்டு உள்ளே இறங்கி, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணி, யார்டு குப்பைத் தொட்டில போட்டுட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். வெறும் ஓடு. தேங்காய் துருவின அப்புறம் இருக்கிற சிரட்டை மாதிரி. கீழ எழுதியிருந்தான்: "பாதி வேலை முடிஞ்சுது."

அந்த ஞாயித்துக்கிழமைதான் அவனோட மிகப் பெரிய செலவு. ஆனா அன்னைக்கு அவன் அக்கவுண்ட்ல இருந்து ஒரு பவுண்டு கூடக் கழியல.

தண்ணி எங்க இருந்து வருது?

மரம் தானா மக்காது. காய்ஞ்ச மரம் நூறு வருஷம் இருக்கும், நம்ம செட்டிநாட்டு வீட்டுக் கதவுகளைப் பாருங்க. மரத்துல ஈரம் ஏறக்குறைய இருபது சதவீதத்துக்குக் கீழ இருந்தா, அதைத் தின்கிற பூஞ்சைக்கு வேலையே இல்ல. அதுக்கு மேல ஏறி அங்கேயே நின்னாத்தான் பிரச்சனை. சரி, கடல்ல நிக்கிற படகு, உப்புத் தண்ணிதான் காரணம்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். நேர் எதிர். உப்பு அந்தப் பூஞ்சைக்கு ஆகாது. 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல மரக் கப்பல் கட்டினவங்க, சட்டங்களுக்கு நடுவுல உப்பையே கொட்டி அடைச்சு வைப்பாங்க, மரம் மக்காம இருக்க. மரத்தைக் கொல்றது மழைத்தண்ணி. மேல இருந்து இறங்குற நல்ல தண்ணி.

அது இறங்குற முக்கியமான வழி ஒண்ணைச் சொல்றேன். பாய்மரம் நேரா நிக்கணும்னா ரெண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டணும். அந்தக் கம்பியோட அடி முனை ஒரு எஃகுப் பட்டையில மாட்டியிருக்கும், செயின்பிளேட்னு பேரு. பல படகுகள்ல அந்தப் பட்டை டெக்கைத் துளைச்சு உள்ளே இறங்கி, கேபினுக்குள்ள குறுக்கா நிக்கிற பிளைவுட் சுவர்ல போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அந்தச் சுவருக்கு பல்க்ஹெட்னு பேரு. டெக்ல பட்டை இறங்குற ஓட்டையைச் சீலன்ட் வச்சு அடைச்சிருப்பாங்க. காத்து அடிக்கும்போதெல்லாம் கம்பி இழுக்குது, பட்டை ஒரு நூல் அசையுது. சில வருஷத்துல சீலன்ட் விட்டுடும். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ரெண்டு ஸ்பூன் தண்ணி பட்டை வழியா இறங்கி, போல்ட் ஓட்டைக்குள்ள போய், பிளைவுட்டோட வெட்டு முனையில ஊறும். வெளிய வெனீர்ல தெரியுறது உள்ளங்கை அளவு கறுப்புக் கறை. உள்ளே பார்த்தா, ஊறின ரஸ்க்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தச் சுவர் வெறும் அலங்காரம் இல்ல. பாய்மரத்தோட பாரம் முழுக்க அதுலதான் நிக்குது. அது இத்துப்போச்சுன்னா ஒரு நல்ல காத்துல பட்டை பிய்ச்சுக்கிட்டு வந்து பாய்மரமே சாயலாம்.

இதைத் தவிர ஜன்னல் ஓரம், கைப்பிடி ஸ்க்ரூ, மேல்மூடி. அப்புறம் இங்கிலாந்துக் குளிர்காலத்துல மூடிக் கிடக்கிற படகுக்குள்ள தானா வேர்க்கிற ஈரம். ஒவ்வொண்ணும் சின்னச் சின்ன வழி.

இப்ப நம்ம ஆள் என்ன பண்ணினான்? பழைய மரத்தைப் பிச்சான். புது பிளைவுட் வாங்கினான், அதுவும் நல்லதா, பிஎஸ் 1088 முத்திரை போட்ட மரைன் பிளைவுட். (நம்ம ஊர்ல கிச்சன் வேலைக்கு ஆசாரி ஐஎஸ் 710 கேக்கிறார் இல்ல, அந்த மாதிரி அங்கத்த தரம்.) வலது பக்கச் சுவரை அளவெடுத்து, வெட்டி, எபாக்ஸி வச்சு, அஞ்சு கோட் வார்னிஷ் அடிச்சு, கண்ணாடி மாதிரி நிறுத்தினான். டெக்ல இருந்த ஓட்டையைத் தொடவே இல்ல. அடுத்த குளிர்காலம் போய்ப் பார்த்தா, அதே இடத்துல, அதே அளவுல, கறுப்புக் கறை.

"மரைன் பிளைவுட்டுன்னு தானடா வாங்கினேன்"னு புலம்பினான். கொதிக்கிற தண்ணில போட்டாலும் பசை விடாதுங்கிறதுதான் அந்த முத்திரைக்கு அர்த்தம். பசைக்கு நடுவுல இருக்கிறது மரம்தானே. தொடர்ந்து ஊறவச்சா அது மக்கத்தான் செய்யும்.

போன வருஷம் அம்பத்தூர்ல எங்க வீட்டுக் கிச்சன் ஷட்டர் உப்பிப்போய், ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் வந்து, சிங்க் அடியில கைய விட்டுப் பார்த்துட்டு, பெட்டியைக் கூடத் திறக்காம, "தம்பி, முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க, நான் அடுத்த வாரம் வரேன்"னு கிளம்பிட்டார். அன்னைக்கு எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அவருக்கு அன்னைக்குக் கூலியும் போச்சு. இப்ப நினைச்சா, என் நண்பன் அந்த ஐநூறு பவுண்டு கொடுத்திருந்தா சர்வேயர் சொல்லியிருக்கப் போறதும் இதே வார்த்தைதான்.

பழைய பலகைதான் அளவு

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரேன்.

இந்தப் படகுகளைத் தொழிற்சாலையில கட்டும்போது, பெரும்பாலும் கீழ் உடம்பை வார்த்து, உள்ளே மர வேலையெல்லாம் முடிச்சு, அப்புறம்தான் மேல டெக்கைக் கவிழ்த்து மூடுவாங்க. அதாவது, பெரிய பலகைகள் உள்ளே போனப்ப கூரையே இல்ல. இப்ப நீங்க அதே பலகையைப் படிக்கட்டு வாசல் வழியா, ஒரு ஆள் குனிஞ்சு நுழையுற ஓட்டை வழியா, உள்ளே கொண்டு போகணும். முடியாது. ரெண்டா வெட்டணும், உள்ளே போய் ஒட்டணும்.

அதோட படகுக்குள்ள ஒரு மூலை கூட நேர்க்கோணம் கிடையாது. சுவர் வளையுது, தரை சரியுது, வலது பக்கமும் இடது பக்கமும் ஒண்ணா இருக்காது. ஒரு சுவர்ப் பலகைக்கு அளவெடுக்க, மெல்லிசான பிளைவுட் பட்டைகளைச் சூட்டுப்பசையால ஒட்டி ஒட்டி, அந்த வளைவுக்கு ஒரு அச்சு செய்யணும். ஒரு பலகைக்கு ஒரு நாள் போயிடும்.

அந்த அச்சு அவன்கிட்ட ஏற்கெனவே இருந்துச்சு. இத்துப்போன பழைய பலகைதான் அந்த அச்சு. ஓரம் மக்கியிருந்தாலும் அதைப் புதுப் பலகை மேல வச்சு பென்சில்ல கோடு போட்டா அரை மணி நேர வேலை. அதை இவன் நாலா ஒடிச்சுக் குப்பைல போட்டான். எங்க எந்தக் கொக்கி இருந்துச்சு, ஒயர் எதுக்குப் பின்னாடி போச்சு, ஒரு போட்டோ கூட எடுக்கல.

ஆறு மாசம்னு நினைச்சது இருபது மாசம் ஆச்சு. அறுபது வார இறுதி போயிருக்கான், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். 720 மணி நேரம். அவன் ஆபீஸ்ல ஒரு மாசத்துக்கு வேலை பாக்கிறது 160 மணி. நாலரை மாச வேலை, சம்பளம் இல்லாம.

பில்லைப் பாருங்க, அவன் ஷீட்டை அப்படியே தரேன். பிளைவுட் பத்து ஷீட் 950 பவுண்டு (அதுல ரெண்டு ஷீட், மறுபடி செஞ்ச அந்தச் சுவருக்கு). எபாக்ஸியும் கண்ணாடித் துணியும் 620. வார்னிஷ், பெயின்ட் 280. கூரைத் துணி 350. மெத்தையும் உறையும் 1,450. டூல்ஸ் 700. செயின்பிளேட் வேலை 240. ஜன்னல் ரப்பரும் சீலன்ட்டும் 410. மொத்தம் 5,000.

கடைசி ரெண்டு வரியைக் கூட்டிப் பாருங்க. 650 பவுண்டு. மத்த எல்லாத்தையும் கெடுத்த ஒழுகலுக்கு மருந்து அவ்வளவுதான். அதை அவன் கடைசியாத்தான் பண்ணினான், ஏன்னா அது போட்டோல தெரியாது.

இந்தப் பில்லுல இல்லாதது யார்டு வாடகை. படகு கரையில நின்னா மாசம் 260. இருபது மாசத்துக்கு 5,200. மர வேலையை விட, மர வேலை இழுத்த நேரத்துக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கான். வாங்கின விலையோட சேர்த்து 13,700 பவுண்டு. பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல, நீங்களே பெருக்கிக்கோங்க. அதே வயசுல, அதே நீளத்துல, உள்ளே நல்லா இருக்கிற படகு அன்னைக்கே 6,000க்குக் கிடைச்சுது. மிச்சமாகும்னு நினைச்ச ஃபிளாட் வாடகை, இருபது மாசத்துக்கு 19,000, அதுவும் போய்க்கிட்டேதான் இருந்துச்சு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இதுதான். அங்க லைஃப்டைம் ஐசான்னு ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கு. 40 வயசுக்கு முன்னாடி திறக்கணும். வருஷத்துக்கு 4,000 பவுண்டு வரைக்கும் போடலாம், அரசாங்கம் மேல 25 சதவீதம் சேர்க்கும். முதல் வீடு வாங்கவோ, 60 வயசுக்கு அப்புறமோ எடுத்தா அப்படியே கிடைக்கும். நடுவுல வேற காரணத்துக்கு எடுத்தா, எடுக்கிற தொகையில 25 சதவீதம் பிடிச்சுக்குவாங்க. படகு அவங்க கணக்குல வீடு இல்ல. இவன் போட்டது 4,000, அரசாங்கம் சேர்த்தது 1,000, ஆக 5,000. பிளைவுட்டுக்காக அதை உடைச்சான். கைக்கு வந்தது 3,750. போனஸும் போச்சு, சொந்தக் காசுல 250ம் போச்சு. நம்ம ஊர்ல பிஎஃப் எடுத்து பைக்கை மாடிஃபை பண்றவங்களை நான் எத்தனை வீடியோல திட்டியிருக்கேன்! என் கூடவே ஹாஸ்டல்ல படிச்சவன் இதைப் பண்ணியிருக்கான், பண்ணி முடிச்சு எட்டு மாசம் கழிச்சுத்தான் என்கிட்ட சொல்றான்.

பக்கத்துப் படகுக்காரர்

அதே யார்டுல இவன் படகுக்குப் பக்கத்துல, ஏறக்குறைய அதே வயசுப் படகு ஒண்ணு. ரிட்டயர் ஆன ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவர் உள்ளே இருந்த மரத்துல பெரும்பகுதியைக் கழட்டவே இல்ல. முதல் ரெண்டு மாசம் டெக் மேலதான் இருந்தாராம். செயின்பிளேட்டை எல்லாம் வெளிய எடுத்து, ஓட்டையைப் பெரிசு பண்ணி, சுத்தி எபாக்ஸி ஊத்தி, திரும்ப வச்சு சீல் பண்ணினார். ஜன்னலும் அப்படித்தான். ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சு, உள்ளே டிஷ்யூ பேப்பர் வச்சு, எங்க நனையுதுன்னு பார்த்தார். அப்புறம் ஈரம் உறிஞ்சுற மெஷின் ஒண்ணை ஓடவிட்டு ஆறு வாரம் சும்மா விட்டுட்டார்.

காய்ஞ்ச அப்புறம் பார்த்தா, கறுப்பா இருந்ததுல பாதி, மக்கின மரம் இல்ல, வெறும் கறை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிப் பார்க்கணும். டொக்குன்னு கெட்டியாச் சத்தம் வந்தா நல்ல மரம், பொத்துன்னு வந்தா போச்சு. சந்தேகம்னா குத்தூசி வச்சுக் குத்திப் பார்க்கலாம். கறையை ஆக்ஸாலிக் ஆசிட் கரைச்சுத் தேய்ச்சா வெளுத்துடும், நம்ம ஊர்ல மார்பிள் பாலிஷ்காரங்க வச்சிருப்பாங்களே, அதேதான். கையுறை, மாஸ்க் இல்லாமத் தொடாதீங்க, விஷம்.

பழைய வார்னிஷை மெஷின் வச்சுத் தேய்க்கக் கூடாது. வெனீர் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒரு நிமிஷம் அசந்தா தேக்கு போய், கீழ இருக்கிற வெளுத்த மரம் பல்லைக் காட்டும், அதுக்கு அப்புறம் பெயின்ட் அடிக்கிறதைத் தவிர வழியில்ல. சூடு காட்டிச் சுரண்டி எடுத்துட்டு, நைஸ் உப்புத்தாள்ல கையாலதான் தேய்க்கணும்.

அவர் படகுலயும் ஒரு சுவரோட அடிப்பாகம் ஆறு அங்குலம் மக்கியிருந்துச்சு. அந்த ஆறு அங்குலத்தை மட்டும் வெட்டி, புதுத் துண்டைச் சாய்வா சீவி ஒட்டினார். கனத்துக்கு எட்டு மடங்கு சாய்வுங்கிறது கணக்கு, 12 மில்லிமீட்டர் பலகைக்கு 96 மில்லிமீட்டர். கலர் சேரல. ஒரு அலமாரிக் கதவு வேற ஏதோ மரம், டிராயர் ஒண்ணு பழைய மேசையில இருந்து கழட்டினது. போட்டோ எடுத்துப் போட்டா நூறு லைக் வராது. செலவு 1,100 பவுண்டு சொன்னார், அஞ்சே மாசத்துல தண்ணில இறக்கிட்டார்.

அதனால மாத்துறதா, மீட்குறதான்னு கேட்டா, என் கட்சி மீட்குறதுதான். பாரம் தாங்குற சுவர் முழுசா மக்கியிருந்தா மாத்தித்தான் ஆகணும், அதுல கஞ்சத்தனம் கூடாது, அது உயிர் விஷயம். மத்தபடி அசிங்கமா இருக்குங்கிற ஒரே காரணத்துக்காகப் பிச்சு எறியுறது, பணக்காரங்களுக்கு மட்டும் கட்டுப்படியாகுற பொழுதுபோக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. அந்தப் பழைய தேக்கு இன்னைக்கு லேசுல கிடைக்காது. 70, 80கள்ல தைவான்ல கட்டின படகுகளுக்குள்ள போனா சும்மா தேக்கா இழைச்சு வச்சிருப்பாங்க, அன்னைக்கு அது மலிவு. படகுக்காரங்க தேடுற பர்மா தேக்கோட கதை இப்ப வேற. 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச அப்புறம், அங்கத்த அரசு மர நிறுவனத்து மேல அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல டீக்குன்னு சொல்ற வார்த்தையே நம்ம பக்கத்து 'தேக்கு' போர்ச்சுகீசியர் வாய் வழியா போனதுதான். பிரிட்டிஷ்காரன் கப்பல் மரத்துக்காக நிலம்பூர்ல தேக்குத் தோட்டம் போட்டது 1840கள்ல. அந்த அளவுக்கு அந்த மரத்துக்குப் பின்னாடி அலைஞ்சிருக்காங்க. நம்ம ஆள் அதை ஒடிச்சுக் குப்பைல போட்டுட்டு, அதுக்குப் பதிலா ஒக்குமே பிளைவுட் வாங்கியிருக்கான். என்னத்தைச் சொல்ல.

வீடியோ பார்த்து வந்த வினை

இவனுக்கு இந்த ஆசை எங்க இருந்து வந்துச்சு? யூடியூப்லதான். நான் அதே தொழில்ல இருக்கிறதால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

டாலி ஹோன்னு ஒரு மரப் படகு, 1910ல கட்டினது, 1927ல ஃபாஸ்ட்நெட் ரேஸ் ஜெயிச்சது. 2017ல லியோ கூல்டன்னு ஒரு இளைஞர் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல வச்சு, கிட்டத்தட்ட முழுப் படகையும் திரும்பக் கட்டி, 2024ல தண்ணில இறக்கினார். ஆரம்பத்துல இருந்து எல்லாத்தையும் வீடியோவா போட்டார். நானே விடிய விடிய பார்த்திருக்கேன். அற்புதமான வேலை.

ஆனா கணக்குப்பிள்ளைக் கண்ணோட பாருங்க. அவர் தொழில்முறைப் படகு கட்டுறவர். அதை விட முக்கியம், அந்த வேலைக்குப் பணம் கொடுத்தது வீடியோ பார்த்த லட்சக்கணக்கான ஜனங்க. அங்க படகு செலவு, வீடியோ வருமானம். ரெண்டும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். நீங்க அதைப் பார்த்துட்டு வந்து செலவுப் பக்கத்தை மட்டும் காப்பி அடிச்சா, வருமானப் பக்கம் எங்க இருந்து வரும்? என் நண்பனும் ஒரு சேனல் ஆரம்பிச்சான். நாலு வீடியோ, 61 சப்ஸ்கிரைபர், அதுல நான் ஒருத்தன், அவன் அக்கா ஒருத்தர்.

பிச்சு எறியுற காட்சி வீடியோக்கு நல்லா வரும். முன்னாடி, பின்னாடின்னு ரெண்டு போட்டோ போடலாம். சீலன்ட் மாத்துறதை யாரு பார்ப்பா? பார்க்கிறவனுக்குப் பிடிக்கிற வரிசையும் பண்றவனுக்குக் காசு மிச்சமாகுற வரிசையும் ஒண்ணு இல்ல. இதை ஃபைனான்ஸ் வீடியோ போடுற நானே சொல்றேன், எங்களுக்கும் சேர்த்துத்தான்.

"எல்லாத்துலயும் காசையே பார்ப்பியா, ஆசைக்குன்னு ஒண்ணு வேணாமா"ன்னு நீங்க கேட்கலாம். அவனும் கேட்டான். வேணும். மாசம் 300 பவுண்டு படகுக்குன்னு ஒதுக்கி, எமர்ஜென்சி ஃபண்டையும் ஐசாவையும் தொடாம, நாலு வருஷம் ஆனாலும் பரவாயில்லன்னு ஒவ்வொரு அலமாரியா பண்ணியிருந்தா, நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். கிட்டார் வாங்குறோம், ட்ரெக்கிங் போறோம், யாரும் ரிட்டர்ன் கேக்கல. இவன் ஆசையை முதலீடுன்னு எக்செல்ல எழுதினான். அங்கதான் கேடு. முதலீடுன்னு எழுதிட்டா எவ்வளவு கொட்டினாலும் "திரும்ப வரும்"னு ஒரு தைரியம் வந்துடுது. படகு உள்வேலைக்குப் போட்ட காசு விற்பனையில திரும்ப வராது. புது மெத்தைக்கு 1,450 கொடுத்திருக்கேன்னு சொன்னா வாங்குறவன் தலையாட்டுவான், விலையில ஐம்பது கூட ஏத்தமாட்டான்.

நிஜமாவே படகு வேணும்னா இன்னொருத்தர் ஏற்கெனவே செலவழிச்சு, பில்லெல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கிற படகை வாங்குங்கன்னுதான் சொல்வேன். அவர் 13,700 செலவழிச்சிருப்பார், உங்களுக்கு 6,000க்குக் கொடுப்பார். கொஞ்சம் இரக்கமில்லாத யோசனைதான். ஆனா என் நண்பனே இப்ப எல்லாருக்கும் இதைத்தான் சொல்றான்.

போன மே மாசம் படகு தண்ணில இறங்குச்சு. அவன் இன்னும் அதே ஃபிளாட்லதான் இருக்கான், வாடகை 1,025 ஆயிடுச்சு. சனிக்கிழமைகள்ல சோலன்ட் கடல்ல ஓட்டுறான். 6,000க்கு ஒருத்தர் கேட்டாராம், கொடுக்கல. ஐசால மறுபடி மாசம் 200 போட ஆரம்பிச்சிருக்கான், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லியிருக்கேன், அனுப்புறான்.

நேத்து ராத்திரி ஒரு போட்டோ வந்துச்சு. வலது பக்கச் சுவர், செயின்பிளேட்டுக்குக் கீழ நாலா மடிச்ச டிஷ்யூ பேப்பர். "மூணு நாளா மழை. பாரு, காய்ஞ்சிருக்கு"ன்னு எழுதியிருந்தான்.